பேர் சொன்னா போதுமா?

சார் வணக்கம்,

போன வாரம் டிவில ஒரு டைரக்டரோட பேட்டி பாத்தேன், பேர் வேணாம், உங்களுக்கே தெரியும். தொகுப்பாளர் "உங்களுக்கு இன்ஸ்பிரேஷன் யாரு சார்"னு கேட்டதும் ஜப்பான் குரோசவா, ஸ்வீடன் பெர்க்மன், ரஷ்யா தார்கோவ்ஸ்கின்னு வெளிநாட்டு டைரக்டருங்க பேரா மூச்சு விடாம அடுக்குறார். ஒரு தமிழ்ப் பேர் இல்ல. எட்டு வருஷம் உதவி இயக்குநரா இருந்தாரே, அந்த டைரக்டர் பேர் கூட வரல. இது பந்தா தானே? இன்னொரு டவுட்டு, இன்ஃப்ளூயன்ஸ்ங்கறது காப்பி அடிக்கறதுக்கு வச்ச கௌரவமான பேரா?

உங்க வாசகன்

*

நண்பருக்கு,

நானும் பாத்தேன். கொஞ்சம் பந்தா இருக்கு, மறுக்கல. ஆனா பாதி தப்பு அந்தக் கேள்வி மேல. 'யாரு'ன்னு கேட்டா பேர் தான் வரும், பேருக்கு மேல ஒண்ணும் வராது. எந்த சீன், எப்ப பாத்தீங்க, பாத்துட்டு அன்னிக்கு ராத்திரி தூக்கம் வந்துச்சா, இப்படி கேட்டிருந்தா மனுஷன் ஒண்ணு திணறியிருப்பார், இல்ல அருமையா ஏதாச்சும் சொல்லியிருப்பார்.

பாலு மகேந்திரா சொன்னது ஞாபகம் இருக்கா? இலங்கைல ஸ்கூல் பையனா டூர் போன இடத்துல இங்கிலாந்து டைரக்டர் டேவிட் லீன் 'தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் க்வாய்' ஷூட்டிங் நடத்திட்டு இருக்கார், அவர் 'மழை'ன்னு கத்துனதும் மழை கொட்டுது, அதப் பாத்து அந்தப் பையன் நாமளும் இதைத்தான் செய்யணும்னு முடிவு பண்றான். படம் வந்தது 1957ல. இதுல லீனோட ஸ்டைல், ஃப்ரேமிங் எதுவுமே இல்ல, ஒரு ஆள் சொன்னா மழை பெய்யுதுங்கற ஆச்சரியம் மட்டும்தான். எனக்கு இதுதான் இன்ஃப்ளூயன்ஸ்.

சத்யஜித் ராய் 1950ல விளம்பரக் கம்பெனி வேலையா லண்டன் போய் அங்க சுமார் நூறு படம் பாக்குறார், அதுல ஒண்ணு இத்தாலி டைரக்டர் டி சிகாவோட 'பைசிக்கிள் தீவ்ஸ்'. அஞ்சு வருஷம் கழிச்சு 'பதேர் பாஞ்சாலி' வருது. அதுல திருட்டுப்போன சைக்கிளத் தேடி அலையற கதை இல்ல. ஸ்டுடியோவ விட்டு வெளிய போய் எடுக்கலாம், அனுபவம் இல்லாதவங்கள வச்சும் எடுக்கலாம்ங்கற தைரியம்தான் அங்கேருந்து வந்தது. கேமராமேன் சுப்ரதா மித்ராவுக்கு அப்ப 21 வயசு, அதுக்கு முன்னாடி சினிமா கேமராவ இயக்குனதே இல்ல!

காப்பி விஷயத்துக்கு வர்றேன். குரோசவாவோட 'யோஜிம்போ' 1961, இத்தாலிக்காரர் செர்ஜியோ லியோனியோட 'எ ஃபிஸ்ட்ஃபுல் ஆஃப் டாலர்ஸ்' 1964. ரெண்டையும் அடுத்தடுத்து பாருங்க, நான் சொல்லவே வேணாம். வழக்கு வந்து, படத்தோட உலக வசூல்ல 15 சதவீதம் ஜப்பான் பக்கத்துக்குப் போச்சு. ஆனா வேடிக்கை என்னன்னா அது காப்பின்னு தெரிஞ்சும் அந்த நெருக்கமான முகங்கள், இழுத்துக்கிட்டே போற மௌனம், மோரிக்கோனே இசை இதெல்லாம் லியோனியோடது தான், அதை யாரும் மறுக்க முடியாது. கதைய எடுத்தது திருட்டு, சந்தேகமே இல்ல, ஆனா அதுக்குள்ளயே ஒரு டைரக்டர் பொறந்துட்டார். குரோசவாவே அமெரிக்க டைரக்டர் ஜான் ஃபோர்டு படங்கள் மேல உயிரா இருந்தவர், அத மறைச்சதும் இல்ல. அதனால உங்க ரெண்டாவது கேள்விக்கு ஆமா இல்லன்னு ஒத்த வார்த்தைல பதில் கிடையாது, படம் படமா உக்காந்து பாக்கணும்.

குரு பேர் வரலன்னீங்களே, எனக்கும் உறுத்துனது அதுதான். தூரத்துல இருக்கவங்க பேர சொல்றது ஈஸி, பக்கத்துல இருந்தவர் பேர சொன்னா 'அப்ப இந்த சீன் அவரோடது தானே'ன்னு நாலு பேர் கேப்பான். என்னையும் யாராச்சும் கேட்டா ரஷ்ய எழுத்தாளருங்க பேரத்தான் முதல்ல சொல்வேன், ஆரம்பத்துல என் கதைய சிவப்பு பேனால அடிச்சு அடிச்சு பாதியா குறைச்ச ஆசிரியர் பேர் மூணாவது கேள்வில தான் வரும், அதுவும் வந்தா.

குரோசவா 'செவன் சாமுராய்' (1954) கடைசி சண்டைய கொட்டுற மழைல மூணு கேமராவ ஒரே நேரத்துல ஓடவிட்டு எடுத்தார். நம்ம டைரக்டர் படத்துல அந்த வேகம் எங்கயும் இல்ல, தேடிப் பாத்துட்டேன். ஆனா யாராச்சும் அழுறப்ப கேமரா கிட்ட போகாம வாசல்லயே நின்னுடுது பாருங்க, அவரோட ரெண்டு படத்துலயும் இருக்கு. அவர் எட்டு வருஷம் வேலை பாத்தவரோட பழைய படத்த போட்டுப் பாருங்க, அங்கயும் அதே வாசல்.

இவருக்கே அது தெரியுமான்னு எனக்கு சந்தேகமா இருக்கு.