டிவிகேம் (DVCAM), டிஜிட்டல் பீட்டாகேம், பீட்டாகேம் எஸ்எக்ஸ் என்னும் வீடியோ நாடா முறைகள் மூன்றும் டிஜிட்டல்தான் என்றால், படத்தின் தரம் ஏன் வேறுபடுகிறது?

படம் எவ்வளவு சுருக்கப்படுகிறது என்பது ஒன்று. சுருக்கிய தரவு நாடாவில் எப்படிப் பதிகிறது என்பது வேறொன்று. எடிட்டிங் அறையில் பல ஆண்டுகள் இந்த டேப்புகளோடு பழகியவன் நான். இவ்விரண்டையும் கலந்துவிடுவதால்தான் இந்தக் குழப்பம் வருகிறது.

பால் (PAL) என்னும் தொலைக்காட்சி முறையில் ஒரு பிரேமுக்கு 720 × 576 புள்ளிகள், நொடிக்கு 25 பிரேம்கள். ஒவ்வொரு மாதிரிக்கும் 10 பிட், நிறத் தகவலைக் கிடைமட்டத்தில் மட்டும் பாதியாக்கும் 4:2:2 கணக்கில் சுருக்காமல் வைத்தால் நொடிக்குச் சுமார் 207 மெகாபிட் ஆகும். 1993இல் சோனி கொண்டுவந்த டிஜிட்டல் பீட்டாகேம் இதை ஏறத்தாழ 90 மெகாபிட்டாகக் குறைக்கிறது. பாதிக்குச் சற்றே அதிகமான சுருக்கம்தான். டிவிகேம் அப்படியல்ல. அது முதலில் 8 பிட்டுக்கு இறங்கி, 4:2:0 முறையில் நிறத் தகவலைச் செங்குத்திலும் பாதியாக்கி, எஞ்சும் 124 மெகாபிட்டை ஐந்தில் ஒரு பங்காக, அதாவது 25 மெகாபிட்டாகச் சுருக்குகிறது.

இந்த இழப்பு சாதாரண நேர்காணல் காட்சியில் கண்ணுக்குத் தெரியாது. கிரீன் மேட்டில், அதாவது பச்சைத் திரைக்கு முன் எடுத்த காட்சியில் பச்சையை நீக்கும்போதுதான் தெரியும். டிவிகேமில் நிறத்துக்கு 360 × 288 மாதிரிகளே இருப்பதால், முடியிழைகளின் ஓரம் படிக்கட்டுபோல் வெட்டுப்பட்டு நிற்கும். டிஜிட்டல் பீட்டாகேமில் ஒவ்வொரு வரிக்கும் நிறத் தகவல் உண்டு. அதே ஓரம் இழைந்து வரும். ஒரு பாடல் காட்சியின் இரண்டு ஷாட்டுகளை அருகருகே வைத்து இதைப் பார்த்த பிறகு, மேட் வேலைக்கு டிவிகேமை நான் ஏற்றதே இல்லை.

டிவிகேமில் எடுத்தால், சிறு கேசட்டில் பதியும் மினி டிவியைவிடப் (MiniDV) படம் கூர்மையாக வரும் என்று பலர் நம்புகிறார்கள், அது சரியன்று. இரண்டிலும் சுருக்கம் ஒன்றே. நாடாவில் தரவு பதியும் கோடான தடத்தின் அகலம் மினி டிவியில் 10 மைக்ரான், டிவிகேமில் 15, பானசோனிக்கின் டிவிசிபுரோ (DVCPRO) முறையில் 18. தடம் அகலமானால் டிராப் அவுட், அதாவது நாடாவில் தரவு விட்டுப்போவது, குறையும், அவ்வளவே. அதற்கு விலையாக நாடா வேகமாக ஓடும். 60 நிமிட மினி டிவி கேசட்டில் டிவிகேம் முறையில் 40 நிமிடம்தான் பிடிக்கும்.

பீட்டாகேம் எஸ்எக்ஸ் வேறு வகை. வெளியே டிஜிட்டல் பீட்டாகேமின் அதே அரை அங்குல நாடாக் குடும்பம், உள்ளே எம்பெக்-2 என்னும் சுருக்க முறையில் 18 மெகாபிட் மட்டும். ஒரு பிரேம் முழுமையாகவும், அடுத்தது அக்கம்பக்கத்துப் பிரேம்களைச் சார்ந்தும் பதிவதால், 4:2:2 நிறத்தை இவ்வளவு குறைந்த இடத்தில் அடக்க முடிகிறது. செய்திப் பணிக்கு அது போதும். பலமுறை மறுசுருக்கம் செய்யும் வேலைக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். அதே குடும்பத்தில் பின்னர் வந்த ஐஎம்எக்ஸ் (IMX), 50 மெகாபிட் வரை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு பிரேமையும் தனித்தே சுருக்குகிறது.

உங்களிடம் பழைய டேப்புகள் இருந்தால், டிவிகேமை ஃபயர்வயர் என்னும் கணினி இணைப்புக் கம்பி வழியே எடுங்கள். நாடாவில் உள்ள தரவே மறுசுருக்கமின்றிக் கணினிக்கு வந்து சேரும். டிஜிட்டல் பீட்டாகேமை, சுருக்காத டிஜிட்டல் படத்தைக் கடத்தும் எஸ்டிஐ (SDI) இணைப்பு வழியே எடுத்து, 10 பிட் கோப்பாகவே வையுங்கள். 8 பிட்டுக்கு இறக்கினால், அந்த நாடா இத்தனை காலம் காத்து வைத்திருந்த நுண்ணிய ஒளிநிலை வேறுபாடுகள் வானக் காட்சிகளில் பட்டை பட்டையாகப் பிரிந்துவிடக்கூடும்.