600 கிராம் ரிமோட் விமானம்: மட்டக்களப்பில் எங்கே பறக்கவிடலாம், சட்டம் என்ன சொல்கிறது?

கேள்வி: "மகன் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருக்கிறான். யூடியூப் பார்த்து ரிஜிஃபோமில் ரிமோட் விமானம் ஒன்று செய்திருக்கிறான், 600 கிராம் வருகிறது. ட்ரோனுக்கு இருக்கிற சட்டம் இதற்கும் உண்டா? மட்டக்களப்பு டவுனுக்குள் எங்கே பறக்கவிடலாம்?"

உண்டு. டவுனுக்குள் எங்கேயும் வேண்டாம்.

இப்படித் தொடங்குவதற்கு மன்னியுங்கள். கையால் செய்த விமானம் முதல்தரம் நிலத்தை விட்டு எழும்பும்போது வருகிற சந்தோசம் எனக்குத் தெரியும், பத்து வருடமாக இதைச் செய்து வருகிறேன். உங்கள் மகன் அதைக் கைவிட வேண்டாம். ஆனால் எங்கே, எந்த எடையில், எந்த நேரத்தில் என்பதை முதலில் சரியாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

"இது ட்ரோன் இல்லையே, கமரா இல்லையே, விளையாட்டு விமானம்தானே" என்று நானும் சொல்லித் திரிந்தவன்தான். இலங்கையில் வான்பரப்பைப் பார்த்துக்கொள்வது சிவில் விமான சேவைகள் அதிகாரசபை, அடிப்படைச் சட்டம் 2010ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டம். உள்ளே ஆள் இல்லாமல் பறக்கும் எதையும் அதிகாரசபை எடையை வைத்துத்தான் பிரிக்கிறது. 200 கிராம், 1 கிலோ, 25 கிலோ என்பவை எல்லைக்கோடுகள். நாலு விசிறியா, நீட்டுச் செட்டையா, கடையில் வாங்கியதா, வீட்டில் வெட்டி ஒட்டியதா என்பது அந்தக் கணக்கில் இல்லை. உங்கள் மகனின் விமானம் 200 கிராமுக்கும் 1 கிலோவுக்கும் நடுவில் நிற்கிறது. நிபந்தனைகளும் படிவங்களும் காலத்துக்குக் காலம் மாறுகின்றன. அதனால் பறக்கவிடும் முன் எடையையும் இடத்தையும் எழுதி அதிகாரசபைக்கு மின்னஞ்சல் போட்டு, பதிலை அச்செடுத்துக் கையில் வைத்திருக்கச் சொல்லுங்கள். அந்தத் தாள் வயலுக்குள் எவ்வளவு பெறுமதியானது என்று பின்னால் சொல்கிறேன்.

முன்பு இப்படி இருக்கவில்லை. சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு 2011இல் வெளியிட்ட சுற்றறிக்கையிலேயே, பொழுதுபோக்கு மாதிரி விமானங்கள் சிவில் விமானப் பறப்புக்கான சிகாகோ உடன்படிக்கைக்குள் வராது, அந்தந்த நாடு விரும்பினால் சட்டம் போட்டுக்கொள்ளலாம் என்றுதான் இருக்கிறது. மாதிரி விமானம் பழகவே ஒரு வருடம் எடுக்கும். பழகியவர்கள் கொஞ்சப் பேர், ஒருவரை ஒருவர் பார்த்துத் திருத்திக்கொண்டார்கள். ட்ரோன் வந்ததும் அது மாறியது. பெட்டியைத் திறந்து பற்றரியைப் போட்டால் அது தானாக அந்தரத்தில் நிற்கும், யாரும் எங்கேயும் ஏற்றலாம். அதைக் கட்டுப்படுத்தப் போட்ட வலையில் நாங்களும் அகப்பட்டோம். அமெரிக்காவிலும் இதே கதைதான். 2015 டிசம்பரில் பொழுதுபோக்குக்காரரும் பதிய வேண்டும் என்றார்கள், 2017 மே மாதம் நீதிமன்றம் அது செல்லாது என்றது, அந்த வருடம் முடிவதற்குள் புதுச் சட்டம் ஒன்றால் பதிவு திரும்ப வந்துவிட்டது.

எங்கள் ஊரில் இதற்கு மேல் இன்னொரு பாரமும் இருக்கிறது. 2019 ஏப்ரல் 21 சியோன் தேவாலயத்தில் நடந்த குண்டுத்தாக்குதலை மட்டக்களப்பில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. அடுத்த சில நாட்களில் நாடு முழுக்க ஆளில்லா விமானங்களுக்குத் தடை வந்தது. நான் என்னுடையதைச் செட்டையைக் கழற்றி அலுமாரிக்கு மேல் வைத்தேன். அப்போது எனக்குக் கோபம் வரவில்லை. பிள்ளைகளைப் புதைத்த ஊரில் தலைக்கு மேல் ஏதோ இரைந்துகொண்டு போனால் தாய்மாருக்கு எப்படி இருக்கும்?

இனி இடத்துக்கு வருவோம். உண்மையான சிக்கல் அங்கேதான்.

மட்டக்களப்பு விமான நிலையம் திமிலைத்தீவில், டவுனை ஒட்டியே இருக்கிறது. 1983இலிருந்து விமானப்படையிடம் இருந்த அது 2016இல் மீண்டும் சிவில் பாவனைக்குத் திறந்தது, 2018இல் சர்வதேச விமான நிலையம் என்று அறிவித்தார்கள். நாளுக்கு எத்தனை விமானம் வருகிறது என்று பார்த்து "ஒன்றும் வராதே" என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். அப்படிக் கணக்குப் பார்க்கக் கூடாது. இறங்க வரும் விமானம் வழக்கமாக 3 பாகைச் சரிவில் வரும். அந்தச் சரிவில் நிலத்தைத் தொடும் இடத்திலிருந்து 1 கிலோமீற்றர் தூரத்தில் அதன் உயரம் ஏறக்குறைய 52 மீற்றர். 2 கிலோமீற்றரில் 105 மீற்றர், 3 கிலோமீற்றரில் 157 மீற்றர். உங்கள் மகன் சாதாரணமாகச் சுற்றும் உயரமும் 50, 60 மீற்றர்தான். அதே காற்றுக்குள்தான் ஆட்களை ஏற்றிய விமானமும் இறங்குகிறது. கைப்பிடியளவு மோட்டாரும் லிப்போ பற்றரியும் அதன் விசிறியில் பட்டால் என்ன ஆகும் என்பதை அவனிடமே கேளுங்கள்.

இதனால்தான் விமான நிலையத்தைச் சுற்றிச் சில கிலோமீற்றருக்கு எதையும் ஏற்றாதே என்கிறார்கள், பட்டத்துக்குக்கூட அந்த எச்சரிக்கை உண்டு. வரைபடத்தில் திமிலைத்தீவை நடுவில் வைத்து 5 கிலோமீற்றர் வட்டம் போட்டுப் பாருங்கள். டவுன் உள்ளே, புதூர் உள்ளே, கல்லடிக் கடற்கரையும் உள்ளே. வலையிறவுப் பாலம் தாண்டினால் பயமில்லை என்று நினைப்பார்கள், ஆனால் வவுணதீவுப் பக்கம் ஓடுபாதைக்கு இன்னும் கிட்ட. நான் தொடங்கியது கல்லடிக் கடற்கரையில். அது பிழை என்று தெரிய இரண்டு வருடம் போனது. அம்பாறைப் பக்கம் சொந்தக்காரர் வீட்டுக்குப் போய் விடலாம் என்றால் உகணையில் விமானப்படைத் தளம் இருக்கிறது, அங்கேயும் இதே வட்டம் போட்டுப் பாருங்கள்.

அப்படியானால் எங்கே? படுவான்கரை. வாவியின் மேற்குக் கரை, கொக்கட்டிச்சோலை தாண்டி உள்ளே, பெரும்போகம் அறுத்து முடிந்த வயல். ஆள் இல்லை, மின்கம்பி இல்லை, விழுந்தாலும் வைக்கோலில்தான் விழும். ஆனால் வயலுக்குச் சொந்தக்காரர் இருக்கிறார். அவரிடம் முதல் நாளே கேட்க வேண்டும், கேட்டால் பெரும்பாலும் "அதுக்கென்ன, விடுங்க" என்பார்கள். சில வயற்கண்டங்களில் இப்போது வெள்ளாமைக்கு மருந்தடிக்கும் ட்ரோன்கள் தாழப் பறக்கின்றன, அவை வேலை செய்கிற நாளில் அந்தப் பக்கம் போகக் கூடாது.

ஒரு முறை அங்கேயே எனக்குப் பெரிய பிழை நடந்தது. கச்சான் காற்றுக் காலம், மத்தியானம் பதினொரு மணி இருக்கும். 700 கிராம் விமானம். காற்றோடு போகும்போது வேகமாகப் போனது, திருப்பினால் அந்தரத்தில் அப்படியே நின்றது, பிறகு பின்னுக்கு நகர்ந்தது. பதறி மோட்டாரை முழுதாகத் திறந்தேன், பற்றரி தீர்ந்தது. பனைகளுக்கு அந்தப் பக்கம் ஒரு மாட்டுப்பட்டிக்குள் விழுந்தது. ஓடிப்போய்ச் சேரும்போது பட்டிக்காரர் ஐயா உடைந்த செட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். ஏசுவார் என்று நினைத்தேன். "மனே, இது ஆரிட தலையிலயும் விழுந்திருந்தா?" என்று மட்டும் கேட்டுவிட்டு அதைத் தந்தார். பத்தடி தள்ளி அவருடைய பேத்தி கன்றுக்குட்டிக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தாள். அன்றிலிருந்து காலை எட்டு மணிக்குப் பிறகு நான் பறக்கவிடுவதில்லை.

உயரக் கட்டுப்பாட்டைப் பற்றிப் பலர் குறைப்படுகிறார்கள், எனக்கு அதில் வருத்தமில்லை. வெளிநாடுகளில் வழக்கமான எல்லை 400 அடி, அதாவது 120 மீற்றர். ஒரு மீற்றர் செட்டையுள்ள விமானம் அந்த உயரத்தில் கறுப்புக் கோடாகத்தான் தெரியும், வருகிறதா போகிறதா என்று கண் சொல்லாது. அதற்குக் கீழே நிற்பது எங்களுக்கே நல்லது. கஷ்டம் மோட்டார் இல்லாமல் மிதக்கும் கிளைடர் பிரியர்களுக்குத்தான், வெப்பக்காற்றில் ஏறி ஏறிப் போவதே அவர்களுடைய விளையாட்டு.

எனக்கு உண்மையில் வலிப்பது வேறு. ஒருநாள் வயலில் செட்டையைப் பூட்டிக்கொண்டிருந்தபோது சீருடையில் இருவர் மோட்டார்சைக்கிளில் வந்து இறங்கினார்கள். "கமரா எங்கே?" என்றார்கள். இல்லை என்று கழற்றிக் காட்டினேன். "அப்போ எதுக்கு இது?" என்றார் ஒருவர். அந்தக் கேள்விக்கு விடை சொல்ல என்னால் முடியவில்லை. அதிகாரசபையின் பதிலைத் தாளில் காட்டியதும் மரியாதையாகப் போய்விட்டார்கள், கையில் தாள் இல்லாத பொடியன் ஒருவனாக இருந்திருந்தால் பாதி நாளாவது போயிருக்கும். ஐரோப்பாவில் மாதிரி விமானக் கழகங்களுக்குத் தனி அனுமதி கொடுக்கச் சட்டத்திலேயே இடம் வைத்திருக்கிறார்கள். அமெரிக்காவில் அடையாளச் சமிக்ஞை அனுப்பும் கருவி கட்டாயமான பிறகும், அங்கீகரித்த மைதானங்களில் அது இல்லாத பழைய பால்சா மர விமானத்தையும் பறக்கவிடலாம். இங்கேயும் ஒரு பிரதேச சபை ஒரு வெளியை, சனி ஞாயிறு காலை இரண்டு மணித்தியாலத்துக்கு, எழுத்தில் ஒதுக்கினால் போதும். பறப்பவன் எங்கே நிற்கிறான் என்று விமான நிலையத்துக்கும் பொலிசுக்கும் தெரியும். வேறு எதையும் நான் கேட்கவில்லை.

உங்கள் மகனுக்குச் சில விடயம். அடுத்த விமானத்தை 200 கிராமுக்குள் செய்யச் சொல்லுங்கள், மெல்லிய ஃபோம், 60 சென்ரிமீற்றர் செட்டை, சின்னப் பற்றரி. காற்றுக்குத் தாங்காது, ஆனால் விடியற்காலையில் அருமையாக மிதக்கும், விழுந்தாலும் காயம் வருவது குறைவு. எடை குறைந்தால் விமான நிலைய வட்டம் இல்லாமல் போகாது என்பதையும் சொல்லுங்கள். சமிக்ஞை அறுந்தால் மோட்டார் நிற்கும்படி விமானத்துக்குள் இருக்கும் றிசீவரில் அமைத்து, விசிறியைக் கழற்றிவிட்டு ரிமோட்டை அணைத்துப் பார்த்து உறுதி செய்ய வேண்டும், இது கட்டாயம். வெளிநாட்டிலிருந்து ரிமோட் எடுப்பதானால் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதி வேண்டும், இல்லாவிட்டால் சுங்கத்தில் கிடக்கும். மாரியில் வெள்ளம் வந்தால், 2024 நவம்பரில் வந்தது மாதிரி, ஒன்றையும் ஏற்ற வேண்டாம். அந்த நாட்களில் ஹெலிகொப்டர் எங்கேயும் தாழ வரும், அதில் இருப்பவர்கள் யாரையோ காப்பாற்றப் போகிறார்கள்.

இப்போது வயலில் வெள்ளாமை நிற்கிறது. மாசிக் கடைசியில் அறுத்து வெளிக்கும். அதுவரைக்கும் கணினியில் சிமுலேட்டர் போட்டுப் பழகட்டும், முக்கியமாக விமானம் தன்னை நோக்கி வரும்போது திருப்புவதை. அதைப் பிழையில்லாமல் நூறு தரம் செய்துவிட்டான் என்றால் எனக்குச் சொல்லுங்கள், படுவான்கரைக்குக் காலை ஆறு மணிக்கு நானே கூட்டிக்கொண்டு போகிறேன்.