ஆடு காணாமல் போன கதைக்கு எத்தனை மதிப்பெண்?

கேள்வி: ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு எடுக்கிறேன். ‘ஒரு கதை எழுதுக’ என்று பத்து மதிப்பெண்ணுக்குக் கொடுத்தேன். ஒரு மாணவி தாகம் கொண்ட காக்கையின் கதையை ஒரு பிழை இல்லாமல் எழுதினாள், 9 போட்டேன். ஒரு மாணவன் தன் வீட்டு ஆடு காணாமல் போனதை எழுதியிருந்தான். வரிக்கு வரி பிழை, 4 போட்டேன். போட்ட பிறகு மனசு ஒப்பவில்லை. இரண்டு தாள்களின் நகலையும் அனுப்பியிருக்கிறேன். கதையை எப்படித்தான் மதிப்பிடுவது?
– ஓர் ஆசிரியை, திண்டுக்கல் மாவட்டம்

பதில்:

அன்புள்ள டீச்சர்,

முதலில் அந்த ஆட்டுக் கதையை வாசகர்களும் படிக்கட்டும். பையன் எழுதியபடியே தருகிறேன்:

“எங்க ஆடு கானாம போச்சு. மழ பெஞ்சுது. அம்மா திட்டல. தாத்தா டார்ச் எடுத்துட்டு போனார். நான் ஆடு மாதிரி கத்திட்டே போனேன். கிணத்து பக்கத்துல ஆடு பதில் கத்துச்சு. ஆட்ட திட்டினேன். அப்புறம் அழுதேன்.”

‘அம்மா திட்டல’ என்ற இரண்டு சொல்லைப் பாருங்கள். ஆட்டைத் தொலைத்துவிட்டு வந்தால் எந்த அம்மாவும் திட்டத்தான் செய்வாள். இவள் திட்டவில்லை. அந்த வீட்டுக்கு அந்த ஆடு எவ்வளவு பெரிய விஷயம் என்று பையன் சொல்லாமலே சொல்லிவிட்டான். அந்த இரண்டு சொல்லைத்தான் நீங்கள் சிவப்பு மையில் வட்டம் போட்டு, மேலே ‘திட்டவில்லை’ என்று எழுதியிருக்கிறீர்கள். தப்பில்லை, நானும் முப்பது வருஷம் அதைத்தான் செய்தேன்.

சிக்கல் எங்கே என்றால், நாம் கதை எழுதச் சொல்கிறோம், திருத்தும்போது சொல்வதெழுதுதலைத் திருத்துகிறோம். இரண்டையும் பிரித்துவிடுங்கள். பத்தில் நான்கு, ஏதாவது நடந்ததா என்பதற்கு: தொடக்கத்தில் இருந்த நிலைமை கடைசியில் மாறியிருக்க வேண்டும். மூன்று, நடந்தது கண்ணுக்குத் தெரிகிறதா, காதில் கேட்கிறதா என்பதற்கு. இரண்டு, வாக்கியம் ஓடும் விதத்துக்கு. எழுத்துப்பிழைக்கு ஒன்றே ஒன்று. இந்தக் கணக்கில் ஆட்டுக் கதைக்கு நான் 8 போடுவேன். பிழைக்குரிய ஒன்று போகும், வாக்கியத்தில் ஒன்று குறையும்.

அப்படியானால் எழுத்துப்பிழையை விட்டுவிடுவதா? விடக்கூடாது, ஆனால் எல்லாவற்றையும் ஒரே பிழை என்று எண்ணக்கூடாது. ‘கானாம’ என்பதில் ன, ண குழப்பம்; அது எழுத்துப்பிழை, சொல்லிக் கொடுக்க வேண்டியது. ‘போச்சு’, ‘கத்துச்சு’ பேச்சு வழக்கு. பையனுக்கு மொழி தெரியாமல் இல்லை, எழுதும்போது ‘போயிற்று’, ‘கத்தியது’ என்று மாற்றிக்கொள்ளும் பழக்கம்தான் இன்னும் வரவில்லை. கதைக்குள் யாராவது பேசினால் அந்தப் பேச்சு அப்படியே இருக்கலாம் என்பதையும் சொல்லிக் கொடுங்கள். மூன்றாவது, ‘கிணத்து பக்கத்துல’ என்பதில் விட்டுப்போன ‘ப்’. ஒற்று எங்கே மிகும், எங்கே மிகாது என்று பத்திரிகை அலுவலகத்திலேயே தினம் ஒரு வழக்கு நடக்கிறது. பத்து வயதுப் பையனை அதற்காகத் தண்டிக்க வேண்டாம்.

ஒரு தாளில் ஒரு வகைப் பிழையை மட்டும் எடுங்கள். இந்த முறை ன, ண. அடுத்த முறை ‘போச்சு’. இருபது வட்டம் போட்ட தாளைப் பிள்ளைகள் படிப்பதே இல்லை, மடித்துப் பைக்குள் வைத்துவிடுவார்கள்.

இப்போது காக்கைக் கதை. அந்த 9ஐக் குறைக்காதீர்கள். பிள்ளையின் மேல் தவறில்லை, தவறு கேள்வியில். ‘ஒரு கதை எழுதுக’ என்றால் தெரிந்த கதையைத்தான் எழுதுவாள், அதுதான் பத்திரம். குறிப்புகளைக் கொடுத்துக் கதையாக்கச் சொல்லும் கேள்வியும் இப்படித்தான்; முப்பது பேரும் ஒரே கதையை எழுதுவார்கள், நீங்கள் ஞாபகசக்தியைத் திருத்துவீர்கள். அவளிடம் இப்படிக் கேட்டுப் பாருங்கள்: மறுநாள் அதே காக்கை அதே பானைக்கு வருகிறது, பானையில் தண்ணீர் இல்லை, நேற்றுப் போட்ட கல் மட்டும்தான் இருக்கிறது. அப்புறம்? அவளுக்கு என்ன வரும் என்பது அப்போதுதான் உங்களுக்கே தெரியும். இன்னொன்று: கடைசியில் ‘நீதி’ எழுதவில்லை என்று யாருக்கும் மதிப்பெண் குறைக்காதீர்கள். ஆட்டுக் கதைக்கு என்ன நீதி எழுதுவது?

திருத்தும் முறையிலும் ஒரு யோசனை. முதல் தாளைத் திருத்தும் கை வேறு, ராத்திரி ஒன்பது மணிக்கு முப்பதாவது தாளைத் திருத்தும் கை வேறு. அதனால் முதல் சுற்றில் பேனாவையே எடுக்காதீர்கள். பெயரை மறைத்துக்கொண்டு எல்லாவற்றையும் படித்து, தரையில் மூன்று அடுக்காகப் போடுங்கள்: ‘அப்புறம் என்ன ஆச்சு’ என்று கேட்க வைத்தவை, பாதி வரை கேட்க வைத்தவை, கேட்கவே வைக்காதவை. பிறகு மதிப்பெண். முடிந்தால் நாலைந்து தாளைப் பக்கத்து வகுப்பு ஆசிரியரிடம் கொடுத்து அவரையும் போடச் சொல்லுங்கள். அவர் 8 போட்டதற்கு நீங்கள் 4 போட்டிருந்தால், அந்தப் பேச்சிலேயே இருவரும் நிறையக் கற்றுக்கொள்வீர்கள்.

எழுதவே வராத பிள்ளைகளும் வகுப்பில் இருப்பார்கள். அரசின் எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளின் நிலையைப் பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்ததே எல்லோரும் ஒரே படியில் நிற்பதில்லை என்பதால்தானே. அவர்களைச் சொல்லச் சொல்லுங்கள், நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். அதைத் திரும்ப வாசித்துக் காட்டினால், தன் வாயிலிருந்து வந்தது தாளில் இருப்பதைப் பார்த்துப் பிள்ளைக்கு ஒரு கூச்சம் கலந்த சந்தோஷம் வரும்.

பதிவேடு, அதிகாரி பார்வை எல்லாம் உங்களுக்கு உண்டு என்று தெரியும். 2012-13இல் முப்பருவ முறை வந்தபோது பருவம் நெடுக வகுப்பிலேயே பார்க்கும் வளரறி மதிப்பீட்டுக்கு 40, பருவக் கடைசியில் தேர்வாக வைக்கும் தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60 என்று பிரித்தார்கள். கதை எழுதுவதற்கு இடம் அந்த வளரறியில்தான். ஜூனில் எழுதியதையும் மார்ச்சில் எழுதியதையும் ஒரே கோப்பில் வையுங்கள். கேட்டு வரும் பெற்றோரிடம் இரண்டையும் காட்டினால் போதும்.

சரி, அந்தப் பையனின் தாளில் ‘நன்று’ என்று எழுதாதீர்கள், அது எல்லாத் தாளிலும் இருக்கும். ‘ஆட்டின் பெயர் என்ன?’ என்று எழுதுங்கள். 4ஐ அவன் பார்க்கும்போதே அடித்துவிட்டு 8 போடுங்கள்.