உப்பில் 'மைக்ரோபிளாஸ்டிக் இல்லை' என்று சான்றிதழ் வாங்கலாமா?

கேள்வி: தூத்துக்குடியில் சிறிய உப்பளம் வைத்திருக்கிறோம். எங்களிடம் உப்பு வாங்கும் வெளிநாட்டு நிறுவனம் மைக்ரோபிளாஸ்டிக் ஆய்வறிக்கை கேட்கிறது. ஒரு தரகர், "ஒரு பாலிதீன் பையில் உப்பைக் கொடுங்கள், இரண்டே நாளில் 'இல்லை' என்று சான்றிதழ் வாங்கித் தருகிறேன்" என்கிறார். நம்பலாமா?

பதில்: நம்பாதீர்கள். நேர்மையான ஆய்வகம் எதுவும் வெறுமனே 'இல்லை' என்று எழுதித் தராது. 'இந்த அளவுக்கு மேற்பட்ட துகள்கள் கிலோவுக்கு இத்தனை' என்றுதான் எழுத முடியும். 5 மில்லிமீட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் எல்லாமே இந்தக் கணக்கில் வரும். துகளை அடையாளம் காட்டும் எஃப்.டி.ஐ.ஆர். நுண்ணோக்கியோ சுமார் 10, 20 மைக்ரானுக்குக் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கீழே தடுமாறும். ராமன் கருவி 1 மைக்ரான் வரை போகும். நேரம் அதிகம் பிடிக்கும்.

வேலை இதுதான்: உப்பைச் சுத்தமான நீரில் கரைத்து வடிகட்டி, வடிதாளில் தங்கிய துகள்கள் என்ன பொருள் என்று கருவியில் உறுதி செய்வார்கள். கண்ணால் மட்டும் எண்ணினால் பருத்தி நூல்கூட பிளாஸ்டிக் ஆகிவிடும்.

இதில் ஒரு விதிவிலக்கை விளக்கியே ஆக வேண்டும். உங்கள் உப்பில் மண் அதிகமிருந்தால் வடிதாள் அடைத்துக்கொள்ளும். அப்போது சிலர் கரைசலை அப்படியே தெளியவிட்டு, மேல்நீரை மட்டும் வடிப்பார்கள். தண்ணீரின் அடர்த்தி 1 என்றால், கெட்டியான உப்புநீரின் அடர்த்தி சுமார் 1.2. பாலிஎதிலீனும் பாலிபுரொப்பிலீனும் அதில் மிதக்கும். தண்ணீர் பாட்டில் செய்கிற பெட், அடர்த்தி சுமார் 1.38, அடியில் மண்ணோடு போய்விடும். பாலியெஸ்டர் துணி நூலும் பெட்தான். எண்ணிக்கை குறைந்து அறிக்கை அழகாக இருக்கும், ஆனால் பொய். அடிமண்ணை ஜிங்க் குளோரைடு போன்ற கனமான கரைசலில் மறுபடி பிரித்தீர்களா என்று கேளுங்கள்.

அப்புறம் அந்த முத்திரை. தரகர்கள், ஆய்வகங்களுக்குத் தேசிய வாரியம் தரும் என்.ஏ.பி.எல். அங்கீகாரத்தைக் காட்டி வாயடைப்பார்கள். அந்த அங்கீகாரம் குறிப்பிட்ட சோதனைகளுக்குத்தான். ஈரப்பதமும் சோடியம் குளோரைடும் பார்க்க அனுமதி பெற்றவர், மைக்ரோபிளாஸ்டிக்குக்கும் அதே முத்திரையைக் காட்டுவார். என்.ஏ.பி.எல். இணையதளத்தில் அந்த ஆய்வகத்தின் சோதனைப் பட்டியலை நீங்களே பாருங்கள்.

உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2024இல்தான் லக்னோ, கொச்சி அரசு ஆய்வு நிறுவனங்களையும் பிட்ஸ் பிலானி கல்வி நிறுவனத்தையும் சேர்த்துக்கொண்டு ஆய்வு முறைகளை வகுக்கவே திட்டம் தொடங்கியது. முறையை வகுக்க இத்தனை தாமதமா? அந்த இடைவெளியில் தரகர்கள் கடை விரிக்கிறார்கள், காசு கொடுப்பது உங்களைப் போன்றவர்கள்.

மாதிரியைத் தரகர் கையில் விடாதீர்கள். பருத்தி உடை அணிந்து, எவர்சில்வர் கரண்டியால் கண்ணாடிச் சீசாவில் எடுங்கள். மூடிக்கு அடியில் அலுமினியத் தாள் போடுங்கள். அம்பாரத்தின் உள்ளிருந்து ஒன்று, கட்டிய மூட்டையிலிருந்து ஒன்று எனத் தனித்தனியாக அனுப்புங்கள். மூட்டையில் மட்டும் எண்ணிக்கை தெளிவாகக் கூடியிருந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது சாக்கை. உப்பே போடாமல் செய்த 'பிளாங்க்' சோதனையின் எண்ணிக்கையையும் அறிக்கையில் கேளுங்கள். அது இல்லையென்றால் ஆய்வகக் காற்றில் பறந்த நூல் எத்தனை, உங்கள் உப்பில் இருந்தது எத்தனை என்று பிரிக்கவே முடியாது.