வால் மெலிந்த கெக்கோ

கேள்வி: என் மகள் வளர்க்கும் லெபர்ட் கெக்கோ பல்லிக்கு இரண்டு வயது. கோடையில் 58 கிராம் இருந்தது, இப்போது 37. விரல் பருமன் இருந்த வால் பென்சில்போல் ஆகிவிட்டது. புழுவை நீட்டினால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. வாயைத் திறந்து ஊட்டலாமா?
– ஒரு வாசகி, டொராண்டோ

பதில்: வேண்டாம், அம்மா. பலவந்தம் செய்தால் அந்த மெல்லிய தாடை காயப்படும். உடலில் சூடு இல்லாதபோது உள்ளே போகும் புழுவும் செரிக்காது. ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் பக்கத்து வறண்ட கற்பாங்கான நிலத்துப் பிராணி இது. வெயில் வாங்கிய கல்லில் வயிற்றை ஒட்டிக் கிடந்துதான் இரையைச் செரிக்கும். பெட்டிக் கண்ணாடியில் ஒட்டிய வெப்பமானியை நம்பாதீர்கள். சென்சார் கம்பியைத் தரையிலேயே வைத்துப் பாருங்கள்: ஒரு பக்கம் 32 டிகிரி செல்சியஸ், மறுபக்கம் 25 வேண்டும். பெட்டிக்கு அடியில் வைக்கும் வெப்பப் பாய்க்கு, சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் கட்டாயம். அது இல்லாமல் வயிறு வெந்துபோன பல்லிகளைப் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது தண்ணீர். நான் வளர்த்த ஒன்று 31 கிராமுக்கு இறங்கியிருந்தபோது, மூக்கு நுனியில் ஒரு துளி வைப்பேன். முதல் நாள் அசையவே இல்லை. மறுநாள் இளஞ்சிவப்பு நாக்கு மெல்ல வெளியே வந்து துளியைத் தொட்டது. பிறகு உதட்டையும் நக்கிக்கொண்டது. அன்றுதான் எனக்கு உயிர் வந்தது.

கேட்டுச் சாப்பிடத் தொடங்கினாலும் ஒரேயடியாக நிரப்பாதீர்கள். அந்தி நேரத்தில் இரண்டு மூன்று சிறிய சுவர்க்கோழிகள், கால்சியம் தூளில் புரட்டியவை, போதும். இரு கண்களுக்கு நடுவிலுள்ள அகலத்தைவிடப் பெரிய பூச்சி வேண்டாம். கொழுப்பு மிகுந்த மெழுகுப் புழுவை எப்போதாவது மட்டும் கொடுங்கள்; அந்த ருசி பழகினால் மற்றதைத் தொடாது. வாரம் ஒருமுறை சமையலறைத் தராசில் நிறுத்து எழுதிவையுங்கள்.

ஆனாலும் சூட்டைச் சரிசெய்துவிட்டுக் காத்திருக்காதீர்கள். எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போயிருக்கிறது. குளிர்கால மந்தத்தில் இவ்வளவு இறங்காது. இந்த வாரமே புதிய எச்சத்தைச் சிறு டப்பாவில் எடுத்துக்கொண்டு, ஊர்வன பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் போங்கள். குடற்புழு மட்டுமல்லாமல் கிரிப்டோஸ்போரிடியம் ஒட்டுண்ணிக்கும் சோதிக்கச் சொல்லுங்கள். வாலை இப்படி உருக்குவதில் அது பேர்போனது. வீட்டில் வேறு கெக்கோ இருந்தால் இடுக்கி, தண்ணீர்க் கிண்ணம் எதையும் பொதுவாக வைக்காதீர்கள். பெட்டியைத் தொட்ட ஒவ்வொரு முறையும் மகள் சோப்புப் போட்டுக் கை கழுவட்டும்.