பூட்டினார்கள் சரி, உத்தரவு எங்கே?

கேள்வி: விகடன் ஒரு கேலிப்படம் போட்டது, மத்திய அரசு அவர்களுடைய இணையதளத்தை முடக்கியது, அவர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள், தளம் திறந்துவிட்டது. எம்.ஜி.ஆர். ஆட்சியில் ஆசிரியரைப் பிடித்து ஜெயிலிலேயே போட்டார்கள். அதற்கு இது எவ்வளவோ தேவலாம் இல்லையா? இதற்குப் போய்க் கருத்துரிமை போச்சு என்று ஏன் இவ்வளவு கூச்சல்? (ஒரு வாசகர், திருவாரூர்)

பதில்: தேவலாம் இல்லை. என்னைக் கேட்டால், 1987 தான் இதற்குத் தேவலாம். கோபத்தில் சொல்லவில்லை, யோசித்துத்தான் சொல்கிறேன்.

1987 ஏப்ரலில் நடந்தது அநியாயம். எம்.எல்.ஏ.க்களையும் மந்திரிகளையும் கிண்டல் செய்த ஒரு அட்டைப்பட ஜோக்குக்காக ஆனந்த விகடன் ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியனுக்கு மூன்று மாதக் கடுங்காவல் என்று சட்டமன்றத்தில் அறிவித்தார்கள். ஆனால் அறிவித்தார்கள். சபையில், எல்லார் முன்னாலும், பேர் சொல்லி, காரணம் சொல்லி. தண்டித்தது யார், எதற்காக என்பது மறுநாள் காலையில் டீக்கடை வரைக்கும் தெரிந்தது. அதனால்தான் பத்திரிகைக்காரர்கள் கொதித்தெழ முடிந்தது, சில நாட்களிலேயே அவரை வெளியே விட வேண்டியதாயிற்று.

2025-ல் என்ன நடந்தது? பிப்ரவரி 5 அன்று, சட்டவிரோதமாக அமெரிக்காவுக்குள் நுழைந்ததாகச் சொல்லி 104 இந்தியர்களை விலங்கு மாட்டி, அமெரிக்க ராணுவ விமானத்தில் ஏற்றி வந்து அமிர்தசரஸில் இறக்கினார்கள். பிரதமர் இதைப் பற்றி வாய் திறக்கவில்லை என்பதை, டிரம்ப் பக்கத்தில் அவரே விலங்கோடு உட்கார்ந்திருப்பதாக விகடனின் இணைய இதழான விகடன் பிளஸ் படம் போட்டது. பிப்ரவரி 15 சாயங்காலம் பலருக்குத் தளம் திறக்கவில்லை. தடை என்று யாரும் அவர்களிடம் சொல்லவில்லை, கையில் ஒரு காகிதம் தரவில்லை. முதலில் பூட்டு, அப்புறம் நோட்டீஸ், அதற்கும் அப்புறம் விசாரணை. அதுவும் ஒரே ஒரு படத்துக்காக, விவசாயக் கட்டுரை, சமையல் குறிப்பு, சிறுகதை எல்லாம் சேர்த்து மொத்தத் தளமும்.

திறந்துவிட்டது என்கிறீர்களே, எப்படித் திறந்தது? மார்ச் 6 அன்று சென்னை உயர்நீதிமன்றம் தந்தது இடைக்கால உத்தரவுதான்: அந்தப் படம் உள்ள பக்கத்தை எடுத்துவிட்டு அரசுக்குத் தெரிவியுங்கள், தடையை அவர்கள் நீக்குவார்கள். படம் போட்டது தப்பா சரியா என்பது அன்றைக்கு முடிவாகவில்லை. ஆனால் படம் போய்விட்டது.

இதற்கெல்லாம் வழி செய்வது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவும் 2009-ல் வந்த விதிகளும். இரண்டும் மன்மோகன் சிங் ஆட்சியில் வந்தவை, அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். அவசரம் என்று அரசு நினைத்தால், எழுதியவரைக் கேட்காமலே முடக்கலாம், தடை சரியா என்று பார்க்கும் கமிட்டியை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்கிறது 9-வது விதி. புகாரும் நடவடிக்கையும் ரகசியமாகவே இருக்க வேண்டும் என்கிறது 16-வது விதி. 2015 மார்ச்சில் ஸ்ரேயா சிங்கால் வழக்கில், இணையத்தில் எழுதியதற்காகவே கைது செய்ய வழிவிட்ட 66ஏ பிரிவைத் தூக்கி எறிந்த உச்சநீதிமன்றம் 69ஏ-வை மட்டும் ஏன் விட்டுவைத்தது? காரணத்தை எழுத்தில் தர வேண்டும், அதை வைத்துக் கோர்ட்டுக்குப் போகலாம், பாதுகாப்பு இருக்கிறது என்று நம்பியதால். அந்தக் காரணத்தை ரகசியம் என்று சொல்லிப் பாதிக்கப்பட்டவருக்கே காட்டாவிட்டால், அவர் எதை வைத்து வழக்குப் போடுவார்?

இன்னொன்றும் சொல்கிறேன். 2019 ஆகஸ்டில் காஷ்மீரில் போன், இண்டர்நெட் எல்லாவற்றையும் துண்டித்தபோது, காஷ்மீர் டைம்ஸ் ஆசிரியர் அனுராதா பாசின் உச்சநீதிமன்றம் போனார். இணையத்தை நிறுத்தும் உத்தரவுகளை வெளியிட வேண்டும், அப்போதுதான் மக்கள் எதிர்த்து வழக்குப் போட முடியும் என்று 2020 ஜனவரி 10 அன்று தீர்ப்பு வந்தது. ஒரு மாநிலத்துக்கே நெட்டை நிறுத்தும் உத்தரவைக் காட்டியாக வேண்டும் என்றால், ஒரு பத்திரிகையின் தளத்தை நிறுத்தும் உத்தரவை மட்டும் ஏன் மூடி வைக்க வேண்டும்?

குழந்தைகளை வைத்து எடுக்கும் ஆபாச வீடியோக்களை உடனே முடக்கத்தான் வேண்டும், அதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது. கேலிப்படம் அந்த ரகம் இல்லை.

விகடனைப் பற்றிக்கூட எனக்கு அவ்வளவு கவலை இல்லை. நூறு வருஷத்தை நெருங்கிய நிறுவனம், வக்கீல் வைத்துக்கொள்வார்கள், முடக்கினால் ஊரே பேசும். உங்கள் ஊரில் மணல் லாரியைப் படம் பிடித்து யூடியூபில் போடும் பையனை நினைத்துப் பாருங்கள். ஒருநாள் காலையில் அவனுடைய வீடியோ இந்தியாவில் கிடைக்காது என்று இரண்டு வரி வரும், அவ்வளவுதான். யார் புகார் கொடுத்தது, எந்த வரி தப்பு, எதுவும் தெரியாது. சென்னைக்கு வந்து வழக்குப் போட அவனிடம் பணமும் இருக்காது, காட்டுவதற்கு உத்தரவும் இருக்காது. அடுத்த முறை உங்கள் தொகுதி எம்.பி. ஊருக்கு வந்தால், அந்த 16-வது விதியைப் பற்றி நாடாளுமன்றத்தில் என்ன கேட்டீர்கள் என்று அவரிடம் விசாரியுங்கள். என்ன சொன்னார் என்று எனக்கும் எழுதுங்கள், இதே பக்கத்தில் போடுகிறேன்.