வில்லை மாற்றவா, வில்லையை மாற்றவா?

கேள்வி: ஐயா, எனக்கு 53 வயது. கல்லடியில் வசிக்கிறேன். சில வருடங்களாக, நுனிகள் முன்னோக்கி வளைந்த ரீகர்வ் வில்லில் பயிற்சி செய்கிறேன். விடுமுறை நாளில் காலை பத்து மணிக்கு எய்தால் அம்புகள் ஓரிடத்தில் சேருகின்றன. வேலை முடிந்து மாலை ஐந்தரைக்குப் போனால் வில்லின் சைட்டில், அதாவது குறிபார்க்கும் கருவியில், உள்ள குறிப்புள்ளி பஞ்சு போல ஊதித் தெரிகிறது. அதைத் தெளிவாக்க முயன்றால் எதிரே இலக்கின் நடுவில் இருக்கும் மஞ்சள் வட்டம் கலைந்துவிடுகிறது. வாசிப்புக்கென்று வாங்கிய, தூரமும் கிட்டமும் ஒரே லென்ஸில் உள்ள புரோகிரெசிவ் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தேன், இன்னும் மோசம். ஒரு நண்பர் விலை கூடிய புதிய சைட் வாங்கச் சொல்கிறார். இன்னொருவர் கப்பிகள் பூட்டிய கொம்பவுண்ட் வில்லுக்கு மாறச் சொல்கிறார். எதில் காசைப் போடுவது?

பதில்: இப்போதைக்குச் சட்டைப்பையில் போடுங்கள். லென்ஸுக்கு ‘வில்லை’ என்று தமிழில் பெயர் வைத்தவர் உங்கள் கடிதம் ஒரு நாள் வரும் என்று எதிர்பார்த்திருப்பார் போலிருக்கிறது. நீங்கள் மாற்ற வேண்டியது வில்லை அல்ல, வில்லையை. அதற்கும் முன்னால் அதைவிட மலிவான ஒரு வேலை இருக்கிறது.

உங்களுக்கு வந்திருப்பது வெள்ளெழுத்து. நாற்பதைத் தாண்டினால் எல்லோருக்கும் வருவது. கண்ணுக்குள் இருக்கும் இயற்கை வில்லை இறுகிப்போய், கிட்டத்துக்கும் தூரத்துக்கும் சட்டென்று வளைந்து கொடுக்க மறுக்கிறது. இருபது வயதுப் பையனாலும் குறிப்புள்ளியையும் இலக்கையும் ஒரே நேரத்தில் தெளிவாகப் பார்க்க முடியாது. ஆனால் அவனுடைய கண் இரண்டுக்கும் இடையே கண நேரத்தில் போய் வந்துவிடும். உங்களுடையது கல்லடிப் பாலத்தில் மாலை நெரிசலில் சிக்கிய பஸ் மாதிரி ஆகிவிட்டது.

காலையில் சரி, மாலையில் சரியில்லை என்கிறீர்களே, உங்கள் கடிதத்தில் எனக்குப் பிடித்த வரி அதுதான். 70 மீற்றரில் வைக்கும் இலக்கின் குறுக்களவு 122 சென்ரிமீற்றர், அதில் மஞ்சள் 24.4 சென்ரிமீற்றர். அந்த மஞ்சள் உங்கள் கண்ணுக்கு எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது? நீட்டிய கையின் தூரத்தில், அதாவது 85 சென்ரிமீற்றரில், ஏறத்தாழ 3 மில்லிமீற்றர். ஒரு பயறு. அந்தப் பயற்றின் மேல்தான் நீங்கள் குறிப்புள்ளியை வைக்கிறீர்கள். கண் தூரத்தில் குவிந்திருக்கும்போது, கைத் தூரத்தில் இருக்கும் எந்தப் புள்ளியும் உங்கள் கண்பாவையின் அகலத்துக்கு ஊதித் தெரியும். இது வெறும் வடிவக்கணிதம். உச்சி வெயிலில் பாவை 2 மில்லிமீற்றர் அளவுக்குச் சுருங்கியிருக்கும், அதனால் புள்ளி கொஞ்சம் கலங்கினாலும் பயறு தப்பிவிடும். வெளிச்சம் மங்கும்போது பாவை 4, 5 மில்லிமீற்றருக்கு விரிகிறது. புள்ளியும் அந்த அளவுக்கு ஊதி, பயற்றை முழுதாக விழுங்கிவிடுகிறது.

எனவே முதல் செலவு, சைட்டுக்குள் இருக்கும் புள்ளியை எடுத்துவிட்டு வெற்று வளையம் போடுவது. பெரும்பாலான சைட்டுகளில் இந்தச் சிறு பாகத்தை மட்டும் தனியாக மாற்றலாம், முழுச் சைட்டையும் வாங்கத் தேவையில்லை. உள்விட்டம் 8 மில்லிமீற்றர் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாலையில் பாவை 5 மில்லிமீற்றருக்கு விரிந்து வளையத்தின் ஓரம் கலங்கினாலும், நடுவே 3 மில்லிமீற்றர் தெளிவாக மிஞ்சும். உங்கள் பயறு அதற்குள் உட்காரும். வட்டத்துக்குள் வட்டத்தை நடுவில் வைப்பது கண்ணுக்கு மிகவும் இலகுவான வேலை, ஓரம் தெளிவாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம்கூட இல்லை. சின்ன வளையம் துல்லியமாக இருக்கும் என்று கடையில் சொல்வார்கள். இருபது வயதுக் கண்ணுக்கு இருக்கலாம்.

வளையத்தை மாற்றி இரண்டு வாரம் எய்து பாருங்கள். போதாவிட்டால் கண்ணாடிக்கடைக்குப் போகலாம். போகும்போது ஒரு குடையும் கொண்டுபோங்கள். மழைக்கு அல்ல.

கடையில் உங்களை நேராக உட்கார வைத்து, முகத்துக்கு நேரே எழுத்துப் பலகையைக் காட்டி அளவெடுப்பார்கள். நீங்கள் வில் இழுக்கும்போது அப்படியா நிற்கிறீர்கள்? வலக்கைக்காரர் என்றால் உடல் பக்கவாட்டில், தலை இடப்பக்கம் திரும்பி, வலக்கண் மூக்கை ஒட்டிய மூலையால் பார்க்கிறது. புரோகிரெசிவ் கண்ணாடி உங்களைக் கைவிட்டது இங்கேதான். அதில் தெளிவான பாதை நடுவே மேலிருந்து கீழாக ஓடுகிறது, இரு பக்க ஓரங்களும் காட்சியை வளைத்துக் காட்டும். நீங்கள் பார்ப்பது அந்த ஓரத்தால். அந்தக் கண்ணாடியில் குற்றமில்லை, பத்திரிகை வாசிக்கவும் கடையில் சாமான் பார்க்கவும் அது நல்லது. எனக்கும் ஒன்று இருக்கிறது. வாங்கிய புதிதில் படி இறங்கும்போது கடைசிப் படி இருப்பதாக நினைத்து இல்லாத படியில் கால் வைத்தேன்.

வில்லுக்கு வேண்டியது ஒரே பவர் உள்ள தூரப்பார்வைக் கண்ணாடி. வில்லைகளை மாற்றிப் போட்டுப் பார்க்கும் பரிசோதனைச் சட்டகத்தில் உங்கள் தூரப் பவரைப் போட்டதும், குடையை இடக்கையில் பிடித்து நீட்டி, வில் இழுக்கும் நிலையில் நில்லுங்கள். கைப்பிடிக்குப் பக்கத்தில் உங்கள் வளையத்தை நூலால் கட்டியிருந்தால் இன்னும் நல்லது. கடைப் பையன் சிரிப்பான், சிரிக்கட்டும். பிறகு அந்தச் சட்டகத்தோடேயே வாசலுக்கு வந்து, தெருவின் மறுபக்கத்தில் தூரத்தில் இருக்கும் பெயர்ப்பலகை ஒன்றைப் பாருங்கள். பல கடைகளில் மூன்று மீற்றர் அறையில் முகக்கண்ணாடி வைத்து ஆறு மீற்றர் ஆக்கித்தான் அளக்கிறார்கள், உங்களுடைய இலக்கு அதைவிடப் பத்து மடங்குக்கு மேல் தூரம். இப்போது தூரப் பவரின் மேல் கூட்டல் 0.25 போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், அடுத்து 0.50. பலகையின் எழுத்து இலேசாக மென்மையாகி, வளையத்தின் ஓரம் கூர்மையாகும் ஓர் இடம் வரும். அங்கே நிறுத்துங்கள். வளையம் பளிச்சென்று தெரிய வேண்டுமென்று ஒரு முழு டயொப்டர், அதாவது 1.00 பவர், கூட்டிவிட்டால், இலக்கு வண்ணப் பொட்டலமாகிவிடும்.

இலக்கு கொஞ்சம் மென்மையாவதற்குப் பயப்படாதீர்கள். தென்கொரிய வில்லாளர் இம் டொங்-ஹியுன் 2012 லண்டன் ஒலிம்பிக்கில் தரவரிசைச் சுற்றில் 72 அம்புகளுக்கு 699 புள்ளிகள் எடுத்து அன்றைய உலக சாதனையைப் படைத்தார். அவருடைய இடக்கண் பார்வை 20/200, அதாவது மற்றவர்கள் 200 அடியில் வாசிக்கும் எழுத்தை அவர் 20 அடியில்தான் வாசிப்பார், என்பது அப்போது உலகெங்கும் செய்தி. எழுத்துப் பலகை வேறு, மஞ்சளும் சிவப்பும் நீலமுமாக அடித்து வைத்த இலக்கு வேறு. நிறம் தெரிந்தால் நடு தெரியும்.

சட்டகத்தை எடுக்கும்போது மூக்குப் பக்க விளிம்பு மெல்லியதாகவும், வில்லை அகலமாகவும் இருப்பதைப் பாருங்கள். விளிம்பு பார்வைக்கு நடுவே வந்தாலோ நாண் கண்ணாடியில் உரசினாலோ எவ்வளவு நல்ல பவரும் வீண். வில்லை பொலிகாபனேற்றாக இருக்கட்டும், நாண் அறுந்தால் கண்ணைக் காப்பது அதுதான். ஒளித்தெறிப்புத் தடுக்கும் பூச்சுக்குக் காசு கொடுக்கலாம், பின்னாலிருந்து வரும் மாலை வெயில் வில்லையின் உட்பக்கத்தில் பளபளக்காது. வெயிலில் தானாகக் கறுக்கும் வில்லை வேண்டாம். உங்களுக்கு வெளிச்சம் தேவைப்படும் நேரத்தில்தான் அது வெளுக்க ஆறுதலாக யோசிக்கும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் வியர்வையும் தூசியும் சேர்ந்து பூச்சைக் கீறிவிடும், தண்ணீரில் அலசிய பிறகு துடையுங்கள். சாரத்தின் முனை துடைப்பதற்கு ஆனதல்ல.

கொம்பவுண்ட் வில்லைப் பற்றி: அதில் நாணில் சிறு துளையும் சைட்டில் பெரிதாக்கும் வில்லையும் வைக்க விதி இடம் கொடுக்கிறது, ரீகர்வில் இரண்டுக்கும் இடமில்லை. கண்ணுக்கு அது உதவிதான். ஆனால் வில், அம்பு, விடுகருவி என்று எல்லாவற்றையும் புதிதாக வாங்க வேண்டும். ஆசையிருந்தால் மாறுங்கள். வெள்ளெழுத்துக்காக மாறுவது, செருப்பு கடிக்கிறதென்று மோட்டார் சைக்கிள் வாங்குவது போன்றது. இன்னொன்று, சர்வதேச விதிப்படி 50 வயது கடந்தவர்களுக்கான ரீகர்வ் பிரிவில் தூரம் 60 மீற்றர். பயற்றை அவர்களே கொஞ்சம் பெரிதாக்கித் தருகிறார்கள்.

கேள்வி: நிறையச் சிறு துளைகள் போட்ட கறுப்புக் கண்ணாடி ஒன்று இணையத்தில் விற்பனைக்கு இருக்கிறது. போட்டால் பவரே தேவையில்லை, பார்வையும் நாளடைவில் திருந்தும் என்கிறார்கள். குறி பார்க்க வாங்கலாமா? (வாழைச்சேனையிலிருந்து)

பதில்: துளை வழியாகப் பார்த்தால் தெளிவாகத் தெரியும் என்பது உண்மை. பார்வை திருந்தும் என்பது பொய். கழற்றியதும் கண் பழைய கண்தான். போட்டிக்குப் போகும் எண்ணம் இருந்தால் வாங்கவே வேண்டாம், நுண்துளைக் கண்ணாடி உலக வில்வித்தை விதியில் தடை. சாதாரண மூக்குக்கண்ணாடிக்குத் தடையில்லை, ஆனால் குறி பார்க்க உதவும் அடையாளம் எதையும் அதில் இட்டிருக்கக் கூடாது. குறி பார்க்காத கண்ணை மறைப்பதென்றால் முழுவதுமாக மறைக்க வேண்டும்.

துளையால் இலவசமாக ஒரு பயன் உண்டு. தடித்த காகிதத்தில் ஊசியால் ஒரு துளை போட்டு, தூரத்துப் பலகையை ஒவ்வொரு கண்ணாலும் பாருங்கள். துளை வழியே தெளிவு கூடினால் உங்கள் குறை பெரும்பாலும் கண்ணாடியால் தீரக்கூடியது. கூடாவிட்டால் கண்ணாடிக்கடையைத் தாண்டி நேரே கண் வைத்திய நிபுணரிடம் போங்கள். புரையாகவோ விழித்திரைக் கோளாறாகவோ இருக்கலாம்.

கேள்வி: அப்பாவுக்கு 66 வயது, நீரிழிவு இருக்கிறது. பாண்டிருப்பு திரௌபதை அம்மன் திருவிழாவில் வில்லேந்தி நின்ற காலம் முதல் அவருக்கு வில் என்றால் உயிர். இப்போது வளவுக்குள் பாய் சுருட்டிக் கட்டி எய்கிறார். இரண்டு மாதம் முன் செய்த கண்ணாடி இப்போது சரியில்லை என்கிறார். கடை ஏமாற்றிவிட்டதா?

பதில்: கடையைத் திட்டுவதற்கு முன் அப்பாவின் கிளினிக் கொப்பியைப் பாருங்கள். இரத்தத்தில் சீனி ஏறி இறங்கும்போது கண்ணின் பவரும் சேர்ந்து மாறும். சீனி கூடியிருந்த நாளில் அளவெடுத்து, பிறகு மருந்தில் அது இறங்கியிருந்தால், கண்ணாடி அன்றைய கண்ணுக்குச் சரி, இன்றைய கண்ணுக்குப் பிழை. சீனி சில வாரங்கள் ஒரே அளவில் நின்ற பிறகு மறுபடி அளவெடுங்கள். வருடத்துக்கு ஒரு தடவை விழித்திரைப் பரிசோதனையும் அவருக்குக் கட்டாயம். கண்ணுக்குள் திடீரென்று கரும்புள்ளிகள் மிதந்தாலோ மின்னல் வெட்டினாலோ திரை இறங்கியது போல இருந்தாலோ, அன்றைக்கே வைத்தியசாலைக்குக் கூட்டிச் செல்லுங்கள்.

சுருட்டிய பாய்க்குப் பின்னால் மதில் இருக்கிறதா? வேலியென்றால் முதலில் அதைக் கவனியுங்கள். பார்வை சரியாகும்வரை பத்து மீற்றருக்குள் எய்யச் சொல்லுங்கள். முழுவதும் நிறுத்தச் சொன்னால் அவர் கேட்க மாட்டார், உங்கள் கடிதத்திலேயே தெரிகிறது.

கேள்வி: பொலிகாபனேற்று வில்லை, தெறிப்புத் தடுக்கும் பூச்சு என்று சொல்லிக் காசு வாங்கினார்கள். வந்தது இரண்டும் இல்லாத வில்லை போலத் தெரிகிறது. பவரிலும் சந்தேகம். கடைக்காரர் ‘விற்றது விற்றதுதான்’ என்கிறார். (செங்கலடி)

பதில்: பவரை முதலில் உறுதிசெய்யுங்கள். வேறொரு கண்ணாடிக்கடையில் வில்லை அளக்கும் கருவியில் வைத்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். அளவை எழுதி வாங்கி, உங்கள் பரிசோதனைத் துண்டோடு ஒப்பிடுங்கள். பூச்சைப் பார்க்க ஒரு மின்குமிழின் கீழ் வில்லையைச் சாய்த்துப் பிடியுங்கள். பூச்சு இருந்தால் குமிழின் பிம்பம் மங்கிப் பச்சையாகவோ ஊதாவாகவோ தெரியும். வெள்ளையாகப் பளிச்சென்று தெரிந்தால் பூச்சு இல்லை.

பற்றுச்சீட்டில் என்ன எழுதியிருக்கிறது? ‘கண்ணாடி 1’ என்று மட்டும் இருந்தால் உங்கள் கை கொஞ்சம் கட்டப்பட்டுவிட்டது. சட்டகம், வில்லையின் வகை, பூச்சு, பவர் என்று தனித்தனியே எழுதியிருந்தால், சொன்னது ஒன்று, கொடுத்தது இன்னொன்று என்று காட்ட அதுவே போதும். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் இருப்பது இதற்குத்தான், ‘விற்றது விற்றதுதான்’ என்று சொல்லிவிட்டு ஒதுங்க முடியாது. கடைக்காரரிடம் ஒரு தடவை எழுத்தில் கேளுங்கள். மசியாவிட்டால் தாமதிக்காமல் அந்த அதிகார சபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழையுங்கள். பற்றுச்சீட்டின் பிரதி, பரிசோதனைத் துண்டு, மற்றக் கடையில் எழுதி வாங்கிய அளவு மூன்றையும் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். கண்ணாடியை மட்டும் கடையில் விட்டுவிட்டு வராதீர்கள்.